பஞ்சுக்கும் நூலுக்கும் இடையே

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

நூல் என்னும் ஒரு சொல் தமிழில் இரு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. ஆடையாக நெய்யப்படும் இழையும் நூல். அறிவுடையோர் யாத்த ஏடும் நூல். இவ்விரண்டிற்கும் உள்ள உறவைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஓர் உருவகமாக வகுத்துத் தந்தார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவரே நூற்கும் பெண், புலவரின் வாயே அவள் கை, அவர்தம் அறிவே நூற்கும் கதிர். இவை பொருந்திய வழி, குற்றமற்ற நூல் முற்றுப்பெறும் என்பது அவ்வுருவகத்தின் கருத்து. தமிழ் பயிலும் மாணவர் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதனை மனப்பாடம் செய்து வருகின்றனர். ஆசிரியரும் பொருள் உரைத்து அடுத்த நூற்பாவிற்குச் செல்கின்றனர்.

ஆயினும் ஒரு வினா கேட்கப்படாமலே நிற்கிறது. பஞ்சு, செடியிலிருந்து பறித்தவுடன் கதிரில் ஏறி இழையாகி விடுமா? ஒருமுறையேனும் தக்ளியைக் கையில் எடுத்தவர் உடனே விடை சொல்வர்: ஆகாது. பஞ்சுக்கும் இழைக்கும் நடுவே ஒரு பெருந்தொழில் இருக்கிறது. கொட்டையை நீக்குதல், தூசு தட்டுதல், கொட்டுதல், பட்டையிடுதல் என்று அது பல படிகளாக விரியும். பவணந்தியாரின் உருவகத்தில் கை உண்டு, கதிர் உண்டு, நூற்பவள் உண்டு. பஞ்சு கொட்டியவர் மட்டும் இல்லை. அந்த விடுபட்ட இடத்தைப் பற்றியதே இவ்வுரை.

பஞ்சு படும் பாடு

பருத்திக் காய் வெடித்து மலர்ந்த நிலையில் இழைகள் விதையோடு ஒட்டியிருக்கும். ஒரு விதையின் மேல் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. மணையில் இட்டு அரைத்துக் கொட்டையை நீக்கிய பின் கிடைக்கும் பஞ்சு, பார்வைக்கு மென்மையாகத் தோன்றினும் உள்ளே சிக்கலும் கட்டியுமாகவே இருக்கும். காய்ந்த இலைத் துணுக்கும், ஓட்டுச் சிதறலும், மண்ணும், உடைந்த விதையும் அதனுள் மறைந்திருக்கும். இத்தகைய பஞ்சைக் கதிரில் இழுத்தால் ஓரிடத்தில் கட்டியாக வரும். அடுத்த இடத்தில் மெலிந்து அறும். நூற்பவள் எத்துணைத் திறமுடையவளாயினும் இக்குறையை அவள் விரல்கள் முற்றும் நீக்கிவிட முடியாது.

ஆகவே நூற்பதற்கு முன் ஒவ்வோர் இழையும் மற்றோர் இழையினின்று பிரிக்கப்படுதல் வேண்டும்; பிரிந்த இழைகள் எங்கும் ஒரே அளவாகப் பரவி நிற்றல் வேண்டும்; இடையிலுள்ள அழுக்கு உதிர்ந்து போதல் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே செய்யும் தொழிலைத்தான் மேலை நாட்டார் கார்டிங் என்றனர். தமிழ் மக்கள் பஞ்சு கொட்டுதல் என்றனர்.

இந்தியாவில் இதற்குரிய கருவி வில். மூங்கிலாலோ மரத்தாலோ ஆன வில்லில் நரம்பை நாணாகப் பூட்டுவர். பெரிய வில்லாயின் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுவர். சிறியதாயின் இடக்கையிலேயே பிடித்துக்கொள்வர். நாணைப் பஞ்சுக் குவியலின் மேல் பட்டும் படாமலும் வைத்து, வலக்கையிலுள்ள மரக்கட்டையால் தெறிப்பர். நாண் அதிரும்போது அதனைத் தொட்ட பஞ்சு சுற்றி ஒட்டி, அடுத்த அதிர்வில் விடுபட்டுத் தெறித்து விழும். இழைகள் பிரிந்து மேலெழும். கனத்த தூசு கீழே இறங்கும். ஒரு கூடைப் பஞ்சு ஓர் அறையை நிறைக்கும் அளவுக்குப் பொங்கி வரும். பஞ்சு பஞ்சாகப் பறந்தது என்னும் வழக்கின் முழுப் பொருளும் அந்த அறையில் நின்று பார்த்தவர்க்கே விளங்கும்.

இதில் நுட்பம் உண்டு. நாண் ஆழப் பதிந்தால் பஞ்சு நாணில் சுற்றிக்கொள்ளும். மேலே நின்றுவிட்டால் அடிக்கட்டி அப்படியே இருக்கும். ஈரம் ஏறிய பஞ்சு ஒன்றோடொன்று ஒட்டும். ஆதலால் கொட்டுவதற்கு முன் வெயிலில் உலர்த்துவர். குறைவாகக் கொட்டினால் சிக்கல் நீங்காது. அளவிற்கு மீறிக் கொட்டினாலோ பிரிந்த இழைகளே மீண்டும் சுருண்டு நுண்ணிய முடிச்சுகளாகிவிடும். எங்கே நிறுத்துவது என்று அறிதலே இத்தொழிலின் உயிர்நிலை.

கொட்டிய பஞ்சைச் சிறிது சிறிதாக எடுத்து, வழவழப்பான பலகையின் மேல் பரப்பி, மெல்லிய குச்சியில் சுற்றி உருட்டிக் குச்சியை உருவிவிட்டால் ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள பட்டை கிடைக்கும். வடநாட்டார் இதனைப் பூணி என்பர். பட்டை இறுகலாகவும் இருத்தல் கூடாது; தளர்ந்து சிதறவும் கூடாது. நூற்பவள் இழுக்கும்போது இழை இழையாக வழுக்கி வரவேண்டும். நல்ல பட்டையை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தால் எங்கும் ஒரே அடர்த்தியாகத் தோன்றும். தீய பட்டையில் திட்டுத் திட்டாக இருள் தெரியும்.

ஆட்டுமயிரின் இயல்பு வேறு. அது நீளமானது, சுருளுடையது, அதன் மேல் நுண்ணிய செதில்களும் இயற்கையான நெய்ப்பசையும் உண்டு. ஐரோப்பியர் அதனைப் பிரிக்கக் கம்பிப் பற்கள் பதித்த இரு பலகைகளைக் கைக்கொன்றாகப் பிடித்து, ஒன்றன் மேல் ஒன்றை எதிரெதிராக இழுத்தனர். முட்செடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய கார்துவுஸ் என்பதினின்றே கார்டிங் என்னும் பெயர் பிறந்தது. இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் காற்றோட்டத்துடன் விடும் இம்முறையால் கதகதப்பான கம்பளித் துணி கிடைத்தது. நீண்ட இழைகளை மட்டும் சீப்பால் வாரி ஒரே திசையில் நிறுத்தும் வேறொரு முறையால் வழவழப்பான மேற்சட்டைத் துணி கிடைத்தது. தக்காணத்து ஆயர்களோ ஆட்டுமயிரையும் வில்லாலேயே கொட்டிக் கம்பளி நெய்தனர். இழையைப் பிரிக்கும் விதமே ஆடையின் தன்மையை முடிவு செய்கிறது என்பது இவற்றால் விளங்கும்.

மீனின் தாடை

வில்லுக்கும் முற்பட்ட ஒரு படி, மிக நுண்ணிய நூல் நூற்ற இடங்களில் இருந்தது. டாக்கா மஸ்லின் பற்றி 1851-இல் வெளிவந்த ஜேம்ஸ் டெய்லரின் நூல் அதனை விரிவாகக் கூறுகிறது. கொட்டை நீக்குவதற்கு முன்னரே, விதையோடு கூடிய பஞ்சை ஒரு மீனின் தாடை எலும்பால் வாரினர். அந்த எலும்பிலுள்ள நெருங்கிய நுண்பற்கள் முரட்டு இழைகளையும் தூசையும் தடுத்து நிறுத்தி, மெல்லிழைகளை மட்டும் வழிவிட்டன. பின்னர் சிறியதொரு மூங்கில் வில்லால் கொட்டினர். பட்டையைக் காற்றும் தூசும் படாமல் வழவழப்பான மீன்தோலில் சுற்றி வைத்துக்கொண்டு நூற்றனர்.

வங்கத்தார் போவால் என்று வழங்கும் அம்மீன், தமிழர் நன்கறிந்த வாளை மீனே ஆகும். ஆந்திரத்தின் சிரீகாகுளம் மாவட்டத்திலுள்ள பொந்தூரு என்னும் ஊரில், மலைப்பருத்தியைக் கொண்டு கதர் நூற்கும் பெண்கள் இன்றளவும் அதே மீனின் தாடையால் பஞ்சை வாருகின்றனர். ஆற்றிலே துள்ளும் மீன் ஒன்று ஆடைக்குச் சீப்பாகும் என்பது எந்தப் பொறியாளரும் வரைந்து காட்டிய கருவியன்று. பஞ்சின் இயல்பையும் தம் விரலின் எல்லையையும் அறிந்த பெண்கள் தேடிக் கண்டெடுத்த கருவி. அவர்களுள் ஒருத்தியின் பெயரும் வரலாற்றில் இல்லை.

சங்கப் புலவர் கண்ட பஞ்சு

தமிழ் இலக்கியம் இத்தொழிலை மறந்துவிட்டதா? நன்னூலின் உருவகத்தில் விடுபட்டது உண்மை. எனினும் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சங்கப் பாடல்களைப் புரட்டுவோர்க்கு வியப்புக் காத்திருக்கிறது.

நற்றிணையின் 299-ஆம் பாட்டில், காற்று மோதிச் சிதறும் கடல் அலையின் வெண்துளிகளுக்கு வில்லால் அடிக்கப்பட்ட பஞ்சு உவமையாகிறது. வில் கொண்டு பஞ்சு கொட்டும் வழக்கம் சங்க காலத்திலேயே தமிழகத்தில் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அகநானூற்றின் 217-ஆம் பாட்டைப் பாடியவர் கழார்க்கீரன் எயிற்றியார் என்னும் பெண்பாற் புலவர். மழையைப் பொழிந்து முடித்து எடையற்றுப் போன வெண்மேகத்தை அவர், எஃகப்பட்ட பஞ்சின் துய்யோடு ஒப்பிடுகிறார். கருமேகம் மழையாகிய கனத்தை இறக்கிவிட்டு வெண்மேகமாவதும், பஞ்சு தன் அழுக்கையும் சிக்கலையும் இறக்கிவிட்டு மென்துய்யாவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு தோற்றங்களாக அவருக்குப் பட்டிருக்கின்றன. பஞ்சு கொட்டும் இடத்தருகே நின்று பார்த்த கண்களுக்கே இவ்வொப்புமை எட்டும்.

புறநானூற்றின் 326-ஆம் பாட்டு தங்கால் பொற்கொல்லனார் பாடியது. நள்ளிரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சிய இளம்பேடைக் கோழி ஒன்று அரற்றுகிறது. அவ்வேளையில் பருத்தித் தொழில் செய்யும் பெண் ஒருத்தி, பஞ்சிலுள்ள தூசையும் செத்தையையும் புடைத்து நீக்குவதற்காக விளக்கேற்றி எழுகிறாள். அச்சிறு விளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு பேடை அச்சம் தணிகிறது. பாட்டு வேறொரு பொருளை நோக்கிச் செல்வது. ஆனால் போகிற போக்கில் அது ஓர் அரிய செய்தியை விட்டுச் செல்கிறது. அப்பெண் இரவில் எழுந்து செய்தது நூற்றல் அன்று. நூற்பதற்கு முற்பட்ட வேலை. பகற்பொழுது முழுவதும் வேறு பணிகளுக்குச் சென்றிருக்க வேண்டும். ஊர் உறங்கும் வேளையே பஞ்சைப் புடைக்கக் கிடைத்திருக்கிறது. அவள் விளக்கு கோழிக்கு ஆறுதலாயிற்று. அவளுக்கு ஆறுதல் எது என்று பாட்டுக் கூறவில்லை.

இனி, பனுவல் என்னும் சொல்லை நோக்குதல் வேண்டும். இன்று அது செய்யுள் நூலைக் குறிக்கும் உயர்ந்த சொல். புறநானூற்றின் 125-ஆம் பாட்டில், தீயில் வெந்து பதமான கொழுத்த ஊன்துண்டின் மென்மைக்குப் பருத்திப் பெண்ணின் பனுவல் உவமையாகிறது. முறுக்கேறிய நூலைக் கொழுத்த ஊனின் மென்மைக்கு ஒப்பிடுதல் பொருந்துமா? பொருந்தாது. அங்கே பனுவல் என்பது கொட்டிப் பதமாக்கிய மென்பஞ்சு என்று கொள்வதே இயல்பு. நற்றிணையின் 353-ஆம் பாட்டில் கபிலர், கணவரில்லாத மகளிர் தம் முயற்சியால் ஆக்கிய நுண்ணிய பனுவலை, நெடிய மலைமேல் தவழும் மேகத்திற்கு உவமை கூறுகிறார். திரள் திரளாகத் தவழும் மேகத்திற்கும் இழைத்த நூலைவிடக் கொட்டிய பஞ்சே நேர் உவமையாகும்.

சொற்களும் இக்கருத்திற்குத் துணை நிற்கின்றன. பன்னுதல் என்னும் வினைக்குப் பஞ்சைப் பிரித்து நொய்தாக்குதல் என்னும் பொருளும் உண்டு. சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. ஆராய்ந்து செய்தல் என்னும் பொருளும் உண்டு. பன்னல் என்பது பருத்தியையும் குறிக்கும், சொல்லையும் குறிக்கும். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்பவரைப் பன்னிப் பன்னிப் பேசுகிறார் என்று மக்கள் இன்றும் கூறுகின்றனர். பஞ்சை விரலால் மீண்டும் மீண்டும் பிய்த்துப் பிரித்த கையின் நினைவு அத்தொடரில் உறைந்து கிடக்கிறது. ஆகப் பனுவல் என்பது முதலில் பன்னப்பட்ட பஞ்சாக இருந்து, பின் அப்பஞ்சினால் ஆகிய இழையாகி, அதன்பின் சொல்லால் ஆகிய நூலாயிற்று என்று கருதுவதற்கு இடமுண்டு. அவ்வாறாயின் இலக்கியத்திற்குத் தமிழர் சூட்டிய பெயர்களுள் ஒன்று, நூற்றவளின் தொழிலினின்றும் அன்று, பஞ்சைப் பன்னியவளின் தொழிலினின்றும் வந்ததாகும். நன்னூலின் உருவகம் விட்டுவிட்ட ஒன்றைத் தமிழ்மொழி தன் சொல்லுக்குள்ளேயே காத்து வைத்திருக்கிறது.

கபிலர் குறித்த மகளிர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கணவனை இழந்தோ பிரிந்தோ தனித்து நின்ற பெண்கள். உழ நிலமும் உதவ ஆளும் இல்லாதவர்க்கு அன்றைய குமுகம் விட்டுவைத்த தொழில் பஞ்சே. மலைமேல் மேகத்தைக் கண்டு மகிழும் வாசகர், அவ்வுவமைக்குள் இருக்கும் தனிமையையும் காணுதல் வேண்டும்.

பஞ்சுகொட்டி

வீட்டிலிருந்த பெண்கள் சிறு வில்லாலும் விரலாலும் பஞ்சைப் பக்குவம் செய்தனர். பெரிய வில்லைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்றோர் ஆடவர். வடக்கே துனியா எனவும், தக்காணத்தில் பிஞ்சாரி எனவும், தெலுங்கு நாட்டில் தூதேகுல எனவும் வழங்கப்பட்டோர் இவர்களே. தமிழில் பஞ்சுகொட்டி என்பது பெயர். தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் இம்மக்களைப் பஞ்சு கொட்டும் தொழிலுடைய இசுலாமியர் எனக் குறிக்கின்றன. நூற்பவர் ஒருவர், நெய்பவர் வேறொருவர், உடுப்பவர் மற்றொருவராக இருந்த நாட்டில், இடையே நின்று எல்லோர்க்கும் பஞ்சைப் பக்குவம் செய்தளித்தவர் இவர். ஆயினும் தறிக்குக் கிடைத்த மதிப்பும் இராட்டைக்குக் கிடைத்த புகழும் வில்லுக்குக் கிடைக்கவில்லை.

மதிப்புக் கிடைக்காத இத்தொழிலிலிருந்து மெய்ஞ்ஞானியர் சிலர் எழுந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. கி.பி. 922-இல் பாக்தாதில் கொல்லப்பட்ட மன்சூர் அல்-ஹல்லாஜ் என்னும் சூபி ஞானியின் பெயரிலுள்ள ஹல்லாஜ் என்பதற்குப் பஞ்சு கொட்டுபவர் என்பதே பொருள். பதினாறாம் நூற்றாண்டில் இராசத்தானத்தில் வாழ்ந்த தாதூ தயாள் பஞ்சு கொட்டும் துனியா குலத்தவர் என்று வழிவழிச் செய்தி கூறும். சிக்கலைப் பிரித்து, அழுக்கை உதிர்த்து, கனத்தை நீக்கும் தொழிலில் நாள் முழுதும் ஈடுபட்டிருப்பவர்க்கு உள்ளத்தின் சிக்கலும் புலப்பட்டிருத்தல் கூடும்.

அடிகள் கேட்ட வினா

இத்தொழில் இல்லாவிடில் நூற்றலுக்கு உயிரில்லை என்பதை இருபதாம் நூற்றாண்டில் முதலில் உணர்ந்தவர்களுள் காந்தியடிகளும் ஒருவர். அவர்தம் தன்வரலாற்றின் இறுதிப் பகுதியில் இச்செய்தி வருகிறது. கைராட்டையைத் தேடி அவர் நெடுநாள் அலைந்தார். கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையார் பரோடா சமத்தானத்தைச் சேர்ந்த விஜாப்பூரில் அதனைக் கண்டுபிடித்துத் தந்தார். பல வீடுகளில் இராட்டைகள் பரணில் கிடந்தன. பெண்கள் மீண்டும் நூற்க ஒப்பினர். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர். பட்டை தந்தால் நூற்போம் என்றனர்.

உமர் சோபானி என்னும் ஆலை முதலாளி தம் ஆலையிலிருந்து பட்டைகளை அனுப்பினார். நூல் குவிந்தது. ஆனால் அடிகளின் மனம் ஒப்பவில்லை. ஆலைப் பட்டையை வாங்கி நூற்கலாமெனில் ஆலை நூலையே வாங்கி நெய்தால் என்ன? ஆலைகள் தோன்றாத காலத்தில் மக்கள் பட்டைக்கு என்ன செய்தனர்? இவ்வினாக்கள் அவரை வருத்தின. பஞ்சு கொட்டுபவர் ஒருவரைத் தேடும்படி கங்காபென்னைக் கேட்டுக்கொண்டார். அம்மையார் தேடிப் பிடித்தவர் திங்களுக்கு முப்பத்தைந்து ரூபாய் கேட்டார். அன்றைக்கு அது பெருந்தொகை. அடிகளோ எவ்விலையும் மிகையன்று எனக் கருதி ஒப்புக்கொண்டார். கொட்டிய பஞ்சைப் பட்டையாக உருட்டச் சில இளைஞர்க்குப் பயிற்சி தரப்பட்டது. அதன் பின்னரே விஜாப்பூர்க் கதர் பெயர் பெற்றது.

இராட்டையைக் கொடியில் பொறித்த நாடு, அந்த முப்பத்தைந்து ரூபாய்த் தொழிலாளியின் பெயரை அறியாது. எனினும் அடிகள் கேட்ட வினா அழியாதது. ஒரு தொழிலின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் மீட்டுவிட்டு, தெரியாத பகுதிக்குப் பிறரை நம்பி நின்றால் அது விடுதலை ஆகாது என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

அவ்வினாவிற்கு முழு விடை கிடைத்ததா என்பது ஐயத்திற்குரியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பார் உருவாக்கிய, அவர் பெயராலேயே அம்பர் சர்க்கா என்றழைக்கப்பட்ட பல கதிர் இராட்டை, ஒருவர் நூற்கும் நூலின் அளவைப் பன்மடங்கு பெருக்கியது. ஆயின் அதற்கு ஒரே சீரான பட்டை வேண்டும். வில்லால் கொட்டியது போதாது. காலப்போக்கில் கதர் நிறுவனங்கள் கர்நாடகத்தின் சித்ரதுர்கா முதலிய இடங்களில் அமைந்த மத்தியப் பட்டை ஆலைகளை நம்பி நிற்கலாயின. நூற்பது கையாலே; பட்டை வருவது ஆலையினின்று. விஜாப்பூர் மகளிர் விதித்த அதே நிபந்தனை வேறோர் உருவில் மீண்டும் வந்து நிற்கிறது.

எந்திரமும் மூச்சும்

பஞ்சு கொட்டுதலை எந்திரத்திடம் ஒப்படைத்த வரலாறு இங்கிலாந்தில் தொடங்கியது. கம்பிப் பற்கள் பதித்த உருளையால் பஞ்சைப் பிரிக்கும் பொறிக்கு லூயிஸ் பால் 1748-இல் காப்புரிமை பெற்றார். ரிச்சர்டு ஆர்க்ரைட் 1775-இல் பெற்ற காப்புரிமை பிறருடைய கருத்துகளைத் தமதாக்கியது என்னும் வழக்கிற்கு உள்ளாகி 1785-இல் நீக்கப்பட்டது. அப்பொறிகளுக்கு வேண்டிய கம்பிப் பற்களைத் தோலில் ஒவ்வொன்றாகக் குத்திப் பதித்தவர் பெண்களும் சிறுவருமே. அமெரிக்கராகிய அமோஸ் விட்மோர் 1797-இல் அதற்கும் ஓர் எந்திரம் கண்டார்.

எந்திரம் வந்தபின் பஞ்சின் பயணமும் மாறியது. வயலுக்கருகே கொட்டப்பட்ட பஞ்சு, கப்பலேற்றுவதற்காக இரும்பு அழுத்தியில் இறுக்கப்பட்டுக் கல்போன்ற பேல்களாகியது. இறுக்கியதைப் பிரிக்க ஆலையில் வன்மையாக அடிக்க வேண்டியதாயிற்று. நீண்ட இழையுடைய பருத்தி அவ்வடியைத் தாங்கியது. தமிழகத்துக் கரிசலில் விளைந்த உப்பம், கருங்கண்ணி போன்ற குட்டை இழைப் பருத்திகள் அந்த எந்திரங்களுக்கு ஏற்றனவாக அமையவில்லை. வில்லுக்குக் குட்டை இழை ஒரு குறையன்று. கருவி மாறியதும் பருத்திக்கே குறை கூறப்பட்டது.

மற்றொரு விலையும் உண்டு. அது மூச்சு. 1700-இல் இத்தாலிய மருத்துவர் ராமசீனி தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், சணலும் ஆளியும் வாரிப் பிரிப்போர்க்கு வரும் இருமலையும் மூச்சுத் திணறலையும் குறித்தார். பஞ்சாலைகளில் இந்நோய் பிசினோசிஸ் எனப் பெயர் பெற்றது. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகும்; நாளடைவில் அவ்விறுக்கம் வாரம் முழுதும் நீடித்து மூச்சையே குன்றச் செய்யும். ஆலையின் புளோரூமும் கார்டிங் பகுதியுமே இதற்கு முதன்மையான களங்கள். வில்லேந்திய பஞ்சுகொட்டியும் வாயில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். உடுப்பவர் உடலில் படாத தூசு யாரோ ஒருவர் நெஞ்சில் தங்கியிருக்கிறது. வெண்மை என்பது இலவசமாகக் கிடைப்பதன்று.

தமிழகத்துத் தெருக்களில் மெத்தை கொட்டுவோரின் நாணொலி ஒருகாலத்தில் பழக்கமானது. ஆண்டுதோறும் வீட்டு வாயிலில் பழைய மெத்தையைப் பிரித்து, கட்டி தட்டிய பஞ்சைக் கொட்டிப் புத்துயிர் ஊட்டித் தைத்துத் தருவர். எந்திரக் கடைகளும் ரப்பர் மெத்தைகளும் பெருகியபின் அவ்வொலி அருகிவிட்டது. ஒலி மறைவதற்கு முன் அத்தொழிலின் சொற்களையாவது தொகுத்து வைத்தல் தமிழ் பயில்வோரின் கடமை. வில்லின் உறுப்புகளுக்கும், நாணின் வகைகளுக்கும், பஞ்சின் பதங்களுக்கும் அம்மக்களிடம் பெயர்கள் உண்டு. அவற்றுள் பல எவ்வகராதியிலும் ஏறாமலே அவர்களோடு போய்விடும் நிலையில் உள்ளன.

குற்றமற்ற நூல்

மீண்டும் பவணந்தியாரிடம் வருதல் பொருத்தம். அவர் உருவகத்தில் பஞ்சுகொட்டி இல்லை என்று தொடக்கத்தில் கூறப்பட்டது. சற்று ஊன்றி நோக்கினால், அத்தொழிலின் பயன் அங்கே ஓர் அடைமொழியாக ஒளிந்திருப்பது தெரியும். வெறும் நூல் என்று அவர் கூறவில்லை. மாசற்ற நூல் என்றார். மாசை நீக்குவது கதிர் அன்று. நூற்கும் கையும் அன்று. அது முன்னரே நீக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் அவர் வகுத்தார். அவற்றுள் ஒன்று சென்று தேய்ந்து இறுதல். செறிவாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடியும் நடையை அது குறிக்கும். இராட்டையில் அமர்ந்தவர்க்கு இது எழுத்தின் குற்றமாக மட்டும் தோன்றாது. சரியாகக் கொட்டப்படாத பட்டையில் இழை மெலிந்து அறுபடுவது கண்முன் நிற்கும். மிகைபடக் கூறல் என்பது அளவிற்கு மீறிக் கொட்டி முடிச்சாக்கிய பஞ்சு. மயங்க வைத்தல் என்பது பிரிக்கப்படாத சிக்கல். எழுதத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யாமையே இக்குற்றங்களுள் பலவற்றிற்கு வித்து என்பது ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்தத்தக்கது. சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தல், பிறர் ஒட்டவைத்த தூசைத் தட்டுதல், எங்கே நிறுத்துவதென அறிதல் ஆகியவை எழுதும் நேரத்தில் செய்வன அல்ல. எழுதும் முன் செய்வன.

இலக்கிய வட்டங்கள் நாட்டிற்குச் செய்யும் பணியும் இத்தகையதே. இங்குக் கூடுவோர் அனைவரும் நூலாசிரியர் அல்லர். ஒரு சொல்லின் பொருளைக் கேட்பவர் உண்டு; ஒரு பாட்டின் பாடத்தை ஐயுறுபவர் உண்டு; பிழையை எடுத்துக் காட்டுபவர் உண்டு; வினாவோடு வந்து மேலும் வினாக்களோடு வீடு திரும்புபவர் உண்டு. பத்தாண்டு விழா மலரின் பொருளடக்கத்தில் அவர்தம் பெயர் இடம்பெறாமற் போகலாம். ஆயினும் அவர்கள் பிரித்து வைத்த பஞ்சினின்றே எழுதுவோர் இழை இழுக்கின்றனர்.

நள்ளிரவில் சிறு விளக்கேற்றி எழுந்த அப்பருத்திப் பெண் என்ன நூல் நூற்றாள், அது யார் ஆடையாயிற்று என்பது தெரியாது. பஞ்சைப் புடைக்க எழுந்தாள் என்பது மட்டும் தெரியும். ஈராயிரம் ஆண்டுகளாக அவ்விளக்கு அணையாமல் இருக்கிறது. நன்னூலின் உருவகத்தை இனிக் கற்பிக்கும் ஆசிரியர், பஞ்சு என்று சொல்லி இழை என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்தி, அவளையும் மாணவர்க்குக் காட்டுவாராக.